மண்டபத்துச் சோதனையும் ஊவாத் தோட்டங்களும்

தொற்றுநோய் நாட்டினுள் புகாதிருக்கும் பொருட்டு, வருவோரை வாயிலிலேயே நிறுத்திச் சோதிப்பது பழைய வழக்கம். 1377ஆம் ஆண்டில் அதிரியாத்திக் கடலோரத்து இரகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தோரை 30 நாள் ஊருக்குப் புறத்தே தங்கவைத்தது. பிற துறைமுகங்களில் அந்த 30 நாள் 40 நாளாயிற்று. நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘குவாரன்டைன்’ என்ற பெயர் பிறந்தது.

இவ்வழக்கம் தமிழ் மக்களின் வாழ்வோடு நெருங்கிக் கலந்த இடம் ஒன்று உண்டு. அது இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள மண்டபம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர், ‘மண்டபம் கேம்பு’ எனப்பட்ட முகாமின் வாயிலைக் கடந்தே ஊவா மலைகளை அடைந்தனர். அம்முகாம் யாரைக் காத்தது, எவ்வளவு தூரம் காத்தது என்பதை அறிய, அதற்கு முந்திய காலத்தைச் சற்று நோக்குதல் வேண்டும்.

1830களிலும் 1840களிலும் இலங்கையின் மலைநாட்டில் கோப்பிப் பயிர் பெருகிற்று. பழம் பறிக்கும் பருவத்தில், தென்னிந்திய மாவட்டங்களின் ஏழைக் குடிகள் கங்காணிமாரின் தலைமையில் கூட்டங்கூட்டமாக வந்தனர். தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கி, காடுகளூடே அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். ஊவாவுக்குச் செல்வோர்க்கோ அத்துடன் வழி முடியவில்லை. கண்டிக்கு அப்பாலும் மலைத்தொடர்களை ஏறியிறங்க வேண்டியிருந்தது. வழியில் நீர் அரிது. கிடைத்த நீரும் தூயதன்று. வாந்திபேதியும் வைசூரியும் மலேரியாக் காய்ச்சலும் பலரை இடைவழியிலேயே மாய்த்தன. மாண்டோரின் தொகை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறப்பு மிகுதி என்பதில் ஐயமில்லை. பின்னாளில் அரசு அப்பாதையிலே தங்குமிடங்களும் கிணறுகளும் மருத்துவமனைகளும் அமைத்தது. எனினும், கூட்டத்தோடு நோயும் வருகிறது என்ற அச்சம் வழியோர ஊர்களை விட்டு நீங்கவில்லை.

1896இல் பம்பாயிலே பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றிப் பரவியதும் நிலைமை மாறிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டது. தொழிலாளர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்பு வந்தனர். தூத்துக்குடிக்கு அண்மையில் தட்டப்பாறையிலும், கொழும்பை அடுத்த இராகமையிலும் அவர்களைத் தங்கவைத்துக் கண்காணிக்கும் முகாம்கள் எழுந்தன. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. அதன்பின் மண்டபமே தலைவாயில் ஆயிற்று. அவ்வாண்டிலேயே கொழும்பு நகரிலும் பிளேக் நோய் கண்டமையால், காவல் மேலும் இறுகியது. முகாம் இருந்தது இந்திய மண்ணில். அதனை நடத்தியதோ இலங்கை அரசு. நோயைத் தன் கரைக்கு அப்பாலேயே தடுத்துவிட வேண்டும் என்பதே அவ்வரசின் கருத்து.

முகாமுக்குள் வந்தோரை மருத்துவர் சோதித்தனர். வைசூரி வராதிருக்க அம்மைப்பால் குத்தினர். துணிகளை நீராவியில் இட்டுக் கிருமி நீக்கினர். ஆண், பெண், குழந்தை அனைவரும் சில நாள் அங்கேயே தங்குதல் வேண்டும். அந்நாள்களில் நோய்க்குறி தோன்றாதவரே கடல் கடக்க விடப்பட்டனர். நோயின் வித்து உடலில் புகுந்தபின் அதன் குறி வெளிப்படச் சில நாள் செல்லும்; அவ்விடைவெளியைக் காவலில் கழிப்பதே இம்முறையின் அடிப்படை. இவற்றோடு, தொழிலாளர் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத்துண்டு ஒன்றும் ஒவ்வொருவர்க்கும் வழங்கப்பட்ட காலம் உண்டு. பயணச் செலவும் அத்தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டு, பலருக்குத் தலைமேற் கடனாயிற்று. மருத்துவர் உடலைச் சோதித்தார். தகரத்துண்டு அவ்வுடலின் உழைப்பு யாருக்குரியது எனக் கூறிற்று.

இச்சோதனையைப் பயனற்றது என்று தள்ளுதல் நேர்மையாகாது. வாந்திபேதியால் சாலையோரத்தில் மடிந்த காலம் அதனோடு பெரிதும் மறைந்தது. தலைமன்னாரில் இறங்கியோர் புகைவண்டியில் மதவாச்சி, அநுராதபுரம், பொல்காவலை வழியாக மலைநாடு சென்றனர். 1894இல் பண்டாரவளை வரை எட்டிய இருப்புப்பாதை, தெமோதரைக் கணவாய்களைக் கடந்து 1924இல் பதுளையை அடைந்தது. பாட்டன் பல நாள் நடந்து வந்த வழியைப் பேரன் வண்டியிலிருந்தவாறே கடந்தான்.

ஆயினும், வாயிலிற் காட்டிய அக்கறை வீட்டினுள்ளும் தொடர்ந்ததா என்பதே கேள்வி. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. 1912இல் மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளரிடையே தோன்றும் நோய்கள் பற்றியும் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டம் ஏட்டிலிருக்க, லயன்களிலோ ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுதும் உண்டு உறங்கிற்று. பல இடங்களில் மலசலகூடம் என்பதே இல்லை.

இக்குறையை வெளிக்காட்டியது கொளுக்கிப்புழு. நோயுற்றவரின் மலத்திலுள்ள முட்டை ஈரமண்ணில் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகும். குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சும். வடகீழ்ப் பருவமழையில் நனையும் ஊவாச் சரிவுகளிலே, காலணியின்றித் தேயிலைக் கொழுந்து பறித்த பெண்களுக்கு இது எத்தகைய கேடென்று சொல்ல வேண்டியதில்லை. சோகை பற்றிய தாய் பிள்ளை பெறுகையில் உயிரோடு போராடினாள். சோர்ந்த உழைப்பாளி சோம்பேறி எனப்பட்டான். அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இதற்கெதிரான பணியைத் தொடங்கிற்று. கீனோப்போடியம் என்னும் எண்ணெய் மருந்து புழுவை வெளியேற்றியது. பின்னர் மண்டபத்திலும் இந்நோய்க்கு மருந்து வழங்கினர். ஆனால், மருந்துண்டு குணமானவன் மலசலகூடமில்லாத தோட்டத்தில் மீண்டும் கால் வைத்ததும் மீண்டும் நோயாளியானான். மருந்தைவிட மலசலகூடமே இன்றியமையாதது என மருத்துவர் வற்புறுத்தினர். செலவை எண்ணித் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். நோய் இந்தியாவிலிருந்து வருகிறது என்று கூறுவது எளிதாயிருந்தது. தோட்டத்து மண்ணிலேயே அது வளர்கிறது என்று ஒப்புக்கொள்வது அரிதாயிருந்தது.

1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. ஊவாவிற் பிறந்து வளர்ந்தோரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு சென்றோரை எதிர்கொண்டதும் மண்டபமே. முன்னோர் புறப்பட்ட வாயிலில் சந்ததியார் வந்தோராக நின்றனர்.

இன்று நிலை வேறு. பிரச்சினையின் உட்பொருள் வேறன்று. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அந்நிலையைக் காக்க, மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருவோரைச் சோதித்து மருந்தளிப்பது இன்றியமையாதது. மற்றொரு புறம், தோட்டப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் இங்கேயே மார்புப் படமெடுத்து, குருதிச் சோதனைக்கு உட்படுகின்றனர். காசநோய் கண்டால் பயணம் நின்றுவிடும். மண்டபத்தில் நின்ற முன்னோரைப் போலவே இவர்களும் வேறொரு நாட்டின் வாயிற் சோதனைக்கு உடல் கொடுக்கின்றனர்.

சோதனை வேண்டும், அது சோதிக்கப்படுபவனுக்கும் உரிய நன்மையாதல் வேண்டும். நோய் கண்டவன் திருப்பி அனுப்பப்படுவதோடு கதை முடிந்தால், நோய் அவன் குடிசைக்கே திரும்பிச் செல்லும். அங்கே அதற்கு மருந்தும் உணவும் காற்றோட்டமும் கிடைத்தால்தான் அது ஒழியும். தூய நீரும் மலசலகூடமும் காற்றுப் புகும் வீடும் இல்லாத இடத்தில், வாயிற் காவல் எத்துணைக் கடுமையாயினும் பாதி வேலையே. ஊவாத் தோட்டங்களின் பழைய வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.