நைல் நதிக்கரையில் ஈரல் நோய்

நோய்களின் வரலாற்றை வைத்திய நூல்களில் மட்டும் தேடுவோர் அதன் ஒரு பாதியையே காண்பர். மறுபாதியை வயலிலும் வாய்க்காலிலும் நாம் தேடவேண்டும். எகிப்தின் ஈரல் நோய் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஆண்டுக்கொருமுறை நைல் பெருகி வடிந்தபின் நிலம் காய்ந்து கிடப்பதே பழைய எகிப்தின் வேளாண்மை முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்காஷயர் ஆலைகளுக்கான பருத்திச் செய்கை பெருகியது. அதற்கென ஆண்டு முழுவதும் நீரோடும் கால்வாய்கள் வெட்டப்பட்டன; 1902இல் அசுவானில் அணையும் எழுந்தது. வற்றாத நீரில் நத்தைகள் பெருகின. அவற்றோடு பில்ஹார்சியாப் புழுவும் பெருகிற்று. 1851இல் கெய்ரோவில் தியடோர் பில்ஹார்ஸ் கண்டறிந்த இப்புழு, நீரில் இறங்கி உழைத்தவனின் தோல்வழியே புகுந்து குடலையும் ஈரலையும் சிறுநீர்ப்பையையும் சிதைத்தது. பருத்தியின் இலாபம் வேறெவருக்கோ சென்றது. புழு உழவனிடம் தங்கியது.

இதனைப் போக்க எகிப்திய அரசு 1950களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கிராமந்தோறும் அந்திமனி சேர்ந்த மருந்தை ஊசிமூலம் ஏற்றியது. நோக்கம் நன்றே. ஆயினும் செவ்வனே கிருமி நீக்கப்படாத ஊசிகள் ஒருவர்பின் ஒருவராகப் பலருக்கும் ஏற்றப்பட்டன. அக்காலத்தில் எவரும் அறியாத ஒரு கிருமி அவ்வழியே பரவிற்று. அதுவே 1989இல் இனங்காணப்பட்ட 'சி' வகை ஈரலழற்சி வைரசு. 2008இல் நடந்த ஆய்வில் 15 முதல் 59 வயது வரையானோருள் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் குருதியில் அதன் சுவடு காணப்பட்டது.

ஈரல் முற்றாகக் கெட்டவர்க்கு மாற்று ஈரலே கதி. தோமஸ் ஸ்ரார்ஸ்ல் 1963இல் டென்வரில் முதன்முதல் முயன்ற சத்திரசிகிச்சை அது. இறந்தவரின் உறுப்பைப் பெற வழிசெய்யும் சட்டம் எகிப்தில் 2010இலேயே நிறைவேறியது; அதன்பின்னரும் உயிரோடிருக்கும் உறவினர் ஈயும் ஈரற் பகுதியையே பெரும்பாலும் நம்பவேண்டியிருந்தது. பொருந்தும் உறவினரும் பெருஞ்செலவுக்குப் பணமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற உழவர் எத்தனை பேர்?

2013இல் அமெரிக்காவில் சொபொஸ்புவிர் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு விலை 84,000 டொலர்! எகிப்திய அரசு பேரம்பேசி 2014இல் அதனை 900 டொலருக்குப் பெற்றது. உள்நாட்டு உற்பத்தி விலையை மேலும் வீழ்த்தியது. 2018 ஒக்ரோபர் தொடங்கி ஏழே மாதங்களில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் பரிசோதிக்கப்பட்டனர். நோயுற்றோர்க்கு மருந்து இலவசமாக வழங்கப்பட்டது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இச்சாதனையை அங்கீகரித்தது.

எனினும் கணக்கு இன்னும் தீரவில்லை. கிருமி நீங்கினும், ஏற்கெனவே இறுகித் தழும்பேறிய ஈரலில் புற்றுநோய் தோன்றும் அபாயம் நீங்குவதில்லை. அத்தகையோர்க்கு வைத்தியசாலையின் நெடுங்காலக் கண்காணிப்பும், சிலர்க்கு மாற்று ஈரலும் வேண்டும். மாத்திரையை மக்கள் உரிமையாக்கிய ஒரு சமுதாயம், சத்திரசிகிச்சையை மட்டும் பணப்பையின் கனத்துக்கு விட்டுவைப்பது எந்த நியாயத்தில் அடங்கும்? பொதுப்பணி ஏற்றிய ஊசியால் நோயுற்றவனுக்கு, இறுதிவரை சிகிச்சை அளிப்பதும் பொதுக்கடனே என்பது நம் துணிபு.