வெள்ளாவியிலிருந்து பல்லுக்கு: ஒரு வெளுப்பின் வரலாறு

மூன்று மாநில எல்லைகள் நெருங்கும் சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம், குப்பம் வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்குகின்றன. துணி வெளுக்கப் பயன்பட்ட கார மண்ணைத் தமிழர் உவர்மண் என்பர். தெலுங்கில் அது சவுடு. அம்மண் கரைத்த நீரில் தோய்த்த துணியை ஆவியில் வேகவைப்பதே வெள்ளாவி. துணியின் அழுக்கைப் போக்குவதையும் ஒரு பொருளை நிறம் நீக்கி வெண்மையாக்குவதையும் ‘வெளுத்தல்’ என்னும் ஒரே சொல் சுட்டுகிறது. வேர்ச் சிகிச்சைக்குப் பின் நிறம் மாறிய பல்லை வெண்மையாக்கும் முறைக்கும் இன்று அச்சொல்லே வழங்குகிறது. இப்பொருத்தம் தற்செயலானதன்று. பல்லை வெளுக்கும் வேதிப்பொருள்கள் சலவைத் தொழிலோடு நெருங்கிய உறவுடையவை. துணி தாங்குவதைப் பல் தாங்குமா என்னும் கேள்விக்கு விடை காண மருத்துவத்துக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பற்கறை என்றதும் தென்னிந்திய ஆய்வாளர்க்கு நினைவில் எழுவது ஃபுளோரைடு. சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் அந்நோய் பரவியிருந்ததை ஷார்ட், மக்ராபர்ட் முதலியோர் 1937இல் வெளியிட்டனர். அது குடிநீர் வழியே, பற்கள் உருவாகும் பருவத்திலேயே எனாமலில் பதிவது. பல பற்களில் ஒருசேரத் தோன்றுவது. வேர்ச் சிகிச்சை பெற்ற பல்லின் கருமையோ தனிப் பல்லுக்கு உரியது. உள்ளிருந்து வெளியே தெரிவது. அடிபட்ட பல்லில் பற்கூழின் குருதி கசிந்து டென்டினின் நுண்குழல்களுக்குள் புகுகிறது. சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்பு சல்ஃபைடாக மாறிக் கருமை தருகிறது.

சில வேளைகளில் சிகிச்சையே கறைக்குக் காரணமாகிறது. பற்கூழறையின் மூலைகளில் திசு எஞ்சினால் அது அழுகி நிறம் மாற்றும். வேரை அடைக்கும் பசைகளில் சேர்ந்த வெள்ளியும், எம்டிஏ சிமெண்டில் உள்ள பிஸ்மத் ஆக்சைடும் பல்லைச் சாம்பல் நிறமாக்க வல்லவை.

கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் 1799இல் சலவைத் தூளுக்குக் காப்புரிமை பெற்றார். வெயிலில் வாரக்கணக்கில் விரித்துவைத்து வெளுத்த துணியை நெசவாலைகள் விரைந்து வெளுக்க அது உதவிற்று. 1864இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ட்ரூமன், அதே குளோரின் வேதியியலைக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் அசெட்டிக் அமிலமும் கொண்டு உயிரற்ற பல்லுக்குள் செலுத்தினார். 1884இல் ஹார்லன் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கையாண்டார். பின்வந்தோர் 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட செறிவுடைய பெராக்சைடைப் பல்லுக்குள் வைத்து, விரைவு கருதி வெப்பமும் ஏற்றினர். இதைப் பல்லுக்குள் மூட்டிய வெள்ளாவி எனலாம்.

மற்றொரு வழி மென்மையானது. ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் 1907இல் வெளியிட்ட ‘பெர்சில்’ சலவைத் தூளின் பெயர், பெர்போரேட், சிலிக்கேட் என்னும் அதன் இரு கூறுகளிலிருந்து உருவானது. அந்தச் சோடியம் பெர்போரேட்டை வெறும் நீரில் குழைத்துப் பற்கூழறைக்குள் வைத்து மூடும் முறையை 1961இல் ஸ்பாசர் விவரித்தார். 1963இல் நட்டிங்கும் போவும் நீருக்கு மாற்றாகச் செறிந்த பெராக்சைடைச் சேர்த்தனர். மருந்து பல்லுக்குள் வேலை செய்ய, நோயாளி தம் அன்றாட அலுவல்களில் நடமாடலாம். ஆதலின் இது ‘நடமாடும் வெளுப்பு’ என்று பெயர் பெற்றது. நாற்காலியில் வெப்பம் ஏற்றிய இடத்தில், இங்கே காலமே வேலை செய்தது.

அவசரத்தின் விலை 1979இல் வெளிப்பட்டது. செறிந்த பெராக்சைடாலும் வெப்பத்தாலும் வெளுக்கப்பட்ட சில பற்களின் வேர், கழுத்துப் பகுதியில் வெளிப்புறமாக அரிக்கப்பட்டிருந்ததை ஹாரிங்டனும் நாட்கினும் பதிவுசெய்தனர். இளமையில் அடிபட்ட பற்களே பெரும்பாலும் இவ்வாறு கெட்டன. எனாமலும் வேரைப் போர்த்திய சிமெண்டமும் எல்லாப் பற்களிலும் சந்திப்பதில்லை. ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் பற்களில் அவற்றிடையே இடைவெளி உண்டு என்பது பாடநூல் மரபு. பெராக்சைடு அவ்விடைவெளி வழியே கசிந்து சுற்றுத்திசுவைத் தாக்குகிறது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். நெய்த துணிக்கு அப்பால் காக்க வேண்டிய உயிர்த்திசு ஏதுமில்லை; பல்லுக்கு அப்பால் உண்டு.

இன்றைய நடைமுறை இப்படிப்பினையின்மேல் அமைந்தது. வேரடைப்பான கட்டா பெர்ச்சாவை ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை நீக்கி, அதன்மேல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனத்துக்குக் கிளாஸ் அயனோமர் சிமெண்டால் தடுப்பு இடுவர். பெர்போரேட்டை நீரிலேயே குழைத்து வைத்து, சில நாள்களுக்கொருமுறை மாற்றுவர். வெப்பம் தவிர்க்கப்படுகிறது. போதிய வெண்மை வந்தபின்னும் உடனே நிலையான அடைப்பு இடுவதில்லை. பல்லில் எஞ்சிய ஆக்சிஜன் ரெசினின் பிடிப்பைக் குறைக்குமாதலால் ஓரிரு வாரம் காத்திருப்பர்.

பெர்போரேட்டும் இறுதி விடையன்று. அதனை இனப்பெருக்க நலனுக்குக் கேடானதென வகைப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியம், ஒப்பனைப் பொருள்களில் அதனைத் தடைசெய்தது. பல் வெண்மையாக்கிகளும் அங்கு அவ்வகையிலேயே அடங்கும். எனவே மருத்துவர் பலர் கார்பமைடு பெராக்சைடை நாடுகின்றனர். அதன் 10 விழுக்காட்டுக் கரைசல் வெளியிடுவது ஏறத்தாழ 3.5 விழுக்காட்டுப் பெராக்சைடே.

வேர்ச் சிகிச்சையின் நோக்கம் பல்லைப் பிடுங்காமல் காப்பது. வெளுப்பின் நோக்கம் அப்பல்லை அரைத்துச் செயற்கை மூடி இடாமல், உள்ளபடியே காப்பது. ஒரே அமர்வில் வெண்மை கேட்கும் அவசரம் இவ்விரு நோக்கங்களையும் தோற்கடிக்கக்கூடும். இவ்வரலாற்றில் முன்னேற்றம் என்பது மேலும் வலிய வேதிப்பொருளைக் கண்டடைந்தது அன்று. எவ்வளவு போதும் என்று கற்றதே.