இசக்கி

வடமொழி ‘யக்ஷி’ தமிழில் இயக்கியாகி, பேச்சில் இசக்கி என்னும் நாட்டார் தெய்வத்தின் பெயராயிற்று. பொழியூர், பாறசாலைப் பக்கம் மலையாளத்தில் அதுவே யட்சி. சிலப்பதிகாரத்தில் மாதரி பாற்சோறு படைத்து வணங்குவது இயக்கியைத்தான். சிதறால் குன்றில் சமண இயக்கி அம்பிகையின் சிற்பம் உண்டு. வில்லுப்பாட்டில் இசக்கி கொலையுண்ட பெண். நகைக்காகக் காதலனால் காட்டில் கல்லால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் நீலியாகி, கள்ளிக்கொப்பைக் கைக்குழந்தையாக்கி ஏந்திவந்து பழிதீர்க்கிறாள். உயிரோடிருந்தபோது கிடைக்காத நீதியை அவள் பேயான பிறகே பெறுகிறாள். இக்கதையின் உண்மையான கொடூரம் அதுதான். மலையாள எழுத்தாளர் மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘யக்ஷி’ (1967) நாவலில் அச்சம் இடம் மாறுகிறது: ஆய்வக விபத்தில் முகம் சிதைந்த வேதியியல் விரிவுரையாளர், மனைவியையே யட்சியென்று ஐயுறுகிறார். அங்கே பேயை உருவாக்குவது அவருடைய மனக்காயம். 1968இல் கே. எஸ். சேதுமாதவன் இந்நாவலைத் திரைப்படமாக்கினார்.