எடிட்டர் போர்

நிரல் எழுதவும் திருத்தவும் பயன்படும் உரைத்தொகுப்பி மென்பொருள்களுள் எது சிறந்தது என்பது பற்றிக் கணினி நிரலாளர்கள் பாதி விளையாட்டாகவும் பாதி வினையாகவும் நடத்திவரும் நெடுங்கால வழக்கு எடிட்டர் போர் எனப்படுகிறது. களத்தில் தொகுப்பிகள் பல இருந்தபோதும், அச்சொல் முதன்மையாகக் குறிப்பது வீஐ, ஈமேக்ஸ் என்னும் இரண்டின் ஆதரவாளர்களிடையே நிலவும் போட்டியையே ஆகும். இரண்டும் 1976ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் இரு வேறு கல்வி நிறுவனங்களில் தோன்றின. அவற்றின் குணவேறுபாடு, எழுதியவர்களின் கொள்கையைவிட, அவர்கள் கைக்கு வாய்த்த கருவிகளிலிருந்தே பெரிதும் விளைந்தது எனலாம்.

பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய், கென் தாம்சனின் ‘எட்’ போன்ற, வரிவரியாகக் கட்டளையிட்டுத் திருத்தும் பழைய தொகுப்பிகளின் வழியில் ‘எக்ஸ்’ என்பதை உருவாக்கி, அதற்குத் திரை முழுவதும் உரையைக் காட்டும் முறை ஒன்றையும் சேர்த்தார், அதுவே வீஐ. விநாடிக்கு 300 பிட் மட்டுமே செல்லும் தொலைபேசி இணைப்பில், வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் கொண்ட திரையை முழுதாக நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால், கட்டளைகள் ஓரிரு எழுத்தில் அடங்கவேண்டியிருந்தது. எழுத்து விசைகளையே கட்டளைகளாகவும் ஆள்வதற்காகத் தட்டச்சுநிலை, கட்டளைநிலை என இரண்டு நிலைகள் வகுக்கப்பட்டன. ‘டி’ விசை முன்னதில் வெறும் எழுத்தாக விழும், பின்னதில் இருமுறை அழுத்தினால் ஒரு வரியையே நீக்கும். கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் விசைகள் அமைந்ததற்கு, ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அவ்விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்ததே காரணம். அம்முனையம் வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் விரல்கள் அதை மறக்கவில்லை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்னும் தொகுப்பிக்காகப் பலரும் எழுதிக் குவித்திருந்த மேக்ரோக்களை, அதாவது பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டிய குறுநிரல்களை, ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ஒழுங்குபடுத்தியதில் ஈமேக்ஸ் பிறந்தது. அங்கிருந்த விசைப்பலகைகளில் கண்ட்ரோலுடன் மெட்டா என்னும் கூடுதல் விசையும் இருந்தமையால், நிலைமாற்றம் ஏதுமின்றி, விசைகளைச் சேர்த்தழுத்துவதே கட்டளையாயிற்று. 1985இல் வெளிவந்த குனூ ஈமேக்ஸ், பயனரே லிஸ்ப் மொழியில் எழுதி விரித்துக்கொள்ளத்தக்கதாக அமைந்ததால், அஞ்சலும் நாட்காட்டியும் டெட்ரிஸ் விளையாட்டும், மனநல மருத்துவராக நடித்துக் கேள்வி கேட்கும் நிரலுங்கூடக் காலப்போக்கில் அதனுள் குடியேறின.

எள்ளலும் இங்கிருந்தே கிளைத்தது. ஈமேக்ஸ் நல்ல இயக்குதளந்தான், அதில் நல்ல தொகுப்பி ஒன்று இல்லாததே குறை என்று வீஐ அணியினர் பழித்தனர். மறுதரப்பினரோ, எந்த நிலையில் நிற்கிறோம் என்று தெரியாமல் திகைக்கும் புதியவர்களைக் காட்டிச் சிரித்தனர். வீஐயின் வழித்தோன்றலான விம்மிலிருந்து வெளியேறும் வழி கேட்டு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் எழுந்த கேள்வி 2017க்குள் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. ஸ்டால்மன் ‘ஈமேக்ஸ் திருச்சபை’யின் புனிதராக வேடம் புனைந்து, பழைய கணினி வட்டு ஒன்றை ஒளிவட்டமாகச் சூடி, வீஐ என்பது ரோமன் எண்முறையில் ஆறு ஆதலால் அதை மும்முறை எழுதினால் வெளிப்படுத்தின விசேஷம் கூறும் மிருகத்தின் எண்ணாகிய 666 வரும் என்று மேடைகளில் உபதேசித்தார், ஆயினும் கட்டற்ற வீஐ ஒன்றைப் பயன்படுத்துவது பாவமன்று, பாவப்பரிகாரமே என்று ஒரு சலுகையும் அளித்தார்.

வேடிக்கைக்கு அடியில் மெய்யான கருத்து வேறுபாடு ஒன்று உண்டு. தொகுப்பி சிறு கருவியாக நின்று ஏனைய வேலைகளைப் பிற நிரல்களிடம் விடவேண்டுமா, எல்லாப் பணியும் நடக்கும் பட்டறையாக வளரவேண்டுமா என்பதே அது. யூனிக்ஸ் வகை இயக்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையில் வீஐ இடம்பெற்றிருக்க, ஈமேக்ஸ் இடம்பெறவில்லை.

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் அமிகா கணினிக்கென எழுதி 1991இல் வெளியிட்ட விம், உகாண்டாவின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு நன்கொடை அளிக்குமாறு பயனரை வேண்டிய மென்பொருளாகும். 2023இல் மறையும்வரை அவரே அதைப் பேணிவந்தார். விம்மின் விசைமுறையை ஈமேக்ஸுக்குள் கொண்டுவரும் ‘ஈவில்’ என்னும் நீட்சி, எதிரணியின் சிறப்பை வாய்விட்டுச் சொல்லாமல் ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

2015இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டுடியோ கோட், பயனர் எண்ணிக்கையில் இரண்டையும் பின்தள்ளியது. ஆனால், பிழை சுட்டுதல், பெயர்களை நிரப்புதல் முதலிய பணிகளைத் தொகுப்பியிலிருந்து பிரித்துத் தனி நிரலிடம் ஒப்படைக்கும் மொழிச் சேவையக நெறிமுறையை அந்நிறுவனமே 2016இல் பொதுவில் அறிவித்ததால், அதே வசதி பழைய தொகுப்பிகளுக்கும் எட்டியது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 2021இலும் ஈமேக்ஸ் 2023இலும் இந்நெறிமுறைக்கான ஆதரவைத் தம்முள்ளேயே சேர்த்துக்கொண்டன.