கைக்கெட்டாத் துப்பாக்கி: தென்சென்னைச் சரித்திரத்திலிருந்து ஒரு பொதுச் சுகாதார ஆய்வு

முன்னுரை

மயிலாப்பூரில், கடற்கரையை ஒட்டிச் செல்லும் காமராஜர் சாலையில், தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமையகம் இருக்கிறது. ஒருவர் உடலிலிருந்து எடுத்த குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து புறப்பட்டது என்று ஆராய்ந்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் இந்தத் துறை, 1849-ஆம் ஆண்டில் சென்னையில் ஏற்பட்ட இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடத்தைத் தன் மூலமாகக் கொண்டது. அந்த ஆய்வுக்கூடமோ போலீஸ் இலாகாவின் அங்கமாக அன்றி, சுகாதார இலாகாவைச் சார்ந்து, நஞ்சுகளைச் சோதிப்பதற்காகவே தோன்றியது. அகால மரணத்தை ஆராய்வதும் ஜனங்களின் ஆரோக்கியத்தைப் பேணுவதும் ஒரே காரியத்தின் இரு பகுதிகள் என்ற எண்ணம் இந்நகரத்தில் அவ்வளவு பழையது.

இன்று உலகத்தின் பெருநகரங்கள் பலவற்றில் துப்பாக்கி மரணம் ஒரு கொள்ளைநோயைப் போல் பரவியிருக்க, சென்னையில், அதிலும் மயிலை, தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில், அது எப்போதோ நிகழும் அபூர்வச் செய்தியாகவே இருந்துவருகிறது. இதற்குக் காரணம் கேட்டால், நம் ஜனங்கள் இயல்பாகவே சாதுக்கள் என்று பலரும் சொல்லிவிடுவர். அரிவாளும் கத்தியும் இந்நகரத் தெருக்களில் சிந்தியிருக்கும் இரத்தத்தை நினைத்துப் பார்ப்பவர்கள் அந்தச் சமாதானத்தை ஏற்க மாட்டார்கள். கோபமும் பகையும் துயரமும் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் உண்டு. அவை பொங்கும் க்ஷணத்தில் துப்பாக்கி கைக்கு எட்டாதிருந்தது என்பதே வேற்றுமை. அந்த எட்டாமை எவ்வாறு உண்டாயிற்று, எப்போதெல்லாம் குலைந்தது, குலைந்தபோது என்ன நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கடந்த வழி

1857-ஆம் ஆண்டின் கிளர்ச்சியை மறவாத ஆங்கில அரசாங்கம், லிட்டன் பிரபு இராஜப்பிரதிநிதியாக இருந்த 1878-இல் ஆயுதச் சட்டத்தை இயற்றியது. இந்தியப் பிரஜை லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்றும், ஐரோப்பியருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றும் விதித்த அச்சட்டம், ஜனங்களின் உயிரைக் காப்பதற்காக அன்றி ஆட்சியைக் காப்பதற்காகவே பிறந்தது. அதனால்தான் 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, தன் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்துக்கொண்டது.

ஆயினும், சுதந்திரம் வந்து 1950-இல் அரசியலமைப்பு அமலுக்கு வந்தபோது, அந்த உரிமை அதில் இடம்பெறவில்லை. அதற்கு மாறாக, 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு அளித்தது, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. 1791 முதலே ஆயுத உரிமையைத் தன் அரசியலமைப்பில் பதித்துவைத்த அமெரிக்க ஐக்கிய நாட்டின் வழி வேறு, நம் வழி வேறு என்பது அங்கேயே நிச்சயமாயிற்று. 1959-இல் பழைய சட்டத்தின் இனபேதத்தை நீக்கிப் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது; அது 1962-இல் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் கேட்பவர் அதற்குரிய காரணத்தைக் காட்ட வேண்டும் என்றும், சித்த சுவாதீனம் இல்லாதவருக்கு மறுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. அந்நிய ஆட்சி தன் பயத்தினால் போட்ட பூட்டை, சுயாட்சி ஜனங்களின் க்ஷேமத்துக்காக வைத்துக்கொண்டது என்று இம்மாறுதலைச் சுருக்கிச் சொல்லலாம்.

தேனாம்பேட்டையும் வேப்பேரியும்

பூட்டு யாருக்குத் திறந்திருந்ததோ அவர்களிடையே துப்பாக்கி என்ன செய்தது என்பதற்கு 1919-ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்று சாட்சி. மைனர்களான ஜமீன் வாரிசுகளைப் படிக்கவைப்பதற்காகத் தேனாம்பேட்டையில் நடந்துவந்த நியூயிங்டன் கல்விச்சாலையின் தலைவர் கிளெமென்ட் டி லா ஹே, அவ்வாண்டு அக்டோபரில் ஓர் இரவு, தூங்கிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தார். சென்னையை உலுக்கிய அந்த வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவரின் விடுதலையில் முடிந்தது. கொன்றவர் யார் என்ற கேள்வியை நீதிமன்றத்துக்கே விட்டுவிடுவோம். சுகாதார நோக்கில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொண்ட பிரபு வர்க்கத்தின் பிள்ளைகள் வசித்த ஒரு விடுதியில், இரவு நேரத்தில், குண்டு நிரப்பிய துப்பாக்கி ஒருவர் கைக்கு எட்டியது எப்படி?

இதனோடு 1944-ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த லட்சுமிகாந்தன் கொலையை ஒப்பிடலாம். பத்திரிகையாளரான அவர் வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் செல்லும்போது கத்தியால் குத்தப்பட்டார். குத்துண்ட பிறகும் நடமாடி, நடந்ததைச் சொல்லி, மருத்துவமனைக்குச் சென்று, மறுநாளே இறந்தார். கத்தியும் கொல்லும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கத்திக்கு அருகில் போக வேண்டும். குத்துபவனுக்குத் தயங்குவதற்கும், குத்தப்படுபவனுக்குத் தப்புவதற்கும், அக்கம்பக்கத்தார் தடுப்பதற்கும், வைத்தியர் முயல்வதற்கும் அது சிறிது அவகாசம் தருகிறது. அந்த அவகாசம் லட்சுமிகாந்தனைக் காப்பாற்றவில்லை. வேறு எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்ற பழமொழியை எடுத்துக்காட்டி, கொல்ல நினைப்பவன் எதைக் கொண்டாவது கொல்லுவான், துப்பாக்கியை மட்டும் கட்டுப்படுத்தி என்ன பயன் என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் அதே தமிழில் வழங்கும் ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்ற மற்றொரு பழமொழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கொலைகளைச் செய்பவன் வல்லவன் அல்லன்; ஆத்திரக்காரன். அவன் கையில் அந்த நிமிஷத்தில் இருப்பது புல்லா, துப்பாக்கியா என்பதே உயிர் போவதையும் இருப்பதையும் தீர்மானிக்கிறது.

1967: இரண்டு நோயாளிகள்

1967 ஜனவரி 12-ஆம் தேதி மாலை, நகரின் தெற்கெல்லையில் இராமாவரம் தோட்டத்தில், நடிகர் எம்.ஆர். ராதா, எம்.ஜி. ராமச்சந்திரனைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் இராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து அரசுப் பொது மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர்; இருவரும் பிழைத்தனர். கழுத்தில் பாய்ந்த குண்டினால் எம்.ஜி.ஆரின் குரல் நிரந்தரமாக மாறிப்போயிற்று. அடுத்த மாதமே நடந்த தேர்தலில், பரங்கிமலைத் தொகுதியில் அவர் மருத்துவமனையில் இருந்தபடியே வெற்றிபெற்றார். ராதா சிறைத்தண்டனை அடைந்தார்.

அரசியல் சரித்திரம் எழுதுவோர் இச்சம்பவத்தைத் தேர்தல் முடிவோடு சேர்த்தே பேசுகின்றனர். வைத்திய சரித்திரத்தில் இதற்கு வேறொரு ஸ்தானம் உண்டு. நெடுநாள் பழகிய இருவர், ஒரு வீட்டின் அறையில், ஒரு வாக்குவாதத்தின் முடிவில், தனித்தனியே இரண்டு நோயாளிகளாயினர். ஒருவர் பிறரால் சுடப்பட்டவர், மற்றவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர். துப்பாக்கி வன்முறையை ஆராயும் உலக அறிஞர்கள் பிற்காலத்தில் வற்புறுத்திய உண்மைகள் இரண்டும் அங்கே ஒருங்கே காணக்கிடந்தன. துப்பாக்கியின் ஆபத்து இருட்டில் வரும் அந்நியனிடமிருந்து மட்டும் வருவதன்று என்பது ஒன்று. பிறரைக் கொல்லும் கருவி தன்னையே கொல்லும் கருவியும் ஆகும் என்பது மற்றொன்று. குண்டுபட்டவரை விரைந்து அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனால் உயிர் மிஞ்சும் என்பதையும், பிழைத்தவர் உடலில் அந்தக் குண்டின் சுவடு ஆயுள் முழுதும் நிற்கும் என்பதையும் நகரம் அன்று கண்டது.

1982 முதல் 1991 வரை

சென்னையின் பூட்டு உண்மையில் தளர்ந்தது எண்பதுகளில்தான். இலங்கைத் தமிழர் பட்ட துன்பத்தைக் கண்டு உருகிய தமிழ்நாடு, அவர்களுக்காகப் போராட வந்த இயக்கங்களுக்கு அடைக்கலம் தந்தது. அடைக்கலத்தோடு ஆயுதமும் நகருக்குள் வந்தது. 1982 மே 19-ஆம் தேதி, தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில், புடவையும் பாத்திரமும் வாங்க வந்த ஜனங்களின் நடுவே, இயக்கத் தலைவர்களான வேலுப்பிள்ளை பிரபாகரனும் உமாமகேஸ்வரனும் எதிர்ப்பட்டுத் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஒருவர் காயமுற்றார், எவரும் இறக்கவில்லை. கைது செய்யப்பட்டவர்கள் பின்னர் ஜாமீனில் வெளிவந்தனர். சாவு நேராத காரணத்தாலேயே அந்த எச்சரிக்கையின் கனம் நகரத்துக்கு உறைக்கவில்லை போலும்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1986 நவம்பர் 1-ஆம் தேதி தீபாவளி நாளில், சூளைமேட்டில் இயக்கத்தினர் ஒருவருக்கும் அத்தெருவாசிகளுக்கும் இடையே மூண்ட தகராறில் துப்பாக்கி வெடித்து, உள்ளூர் இளைஞர் ஒருவர் மாண்டார், சிலர் காயமுற்றனர். அந்த மாதத்திலேயே தமிழ்நாட்டுப் போலீசார் இயக்கங்களின் இருப்பிடங்களைச் சோதனையிட்டு ஆயுதங்களைக் கைப்பற்றினர். எனினும் அந்தப் பூட்டு முழுதும் விழவில்லை. 1990 ஜூன் 19-ஆம் தேதி கோடம்பாக்கம் சக்காரியா காலனியில், தானியங்கித் துப்பாக்கிகளோடு வந்த விடுதலைப் புலிகள், ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவையும் அவருடன் இருந்த பத்துப் பேருக்கு மேற்பட்டோரையும் கொன்றனர். பாண்டி பஜாரிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருப்பது கோடம்பாக்கம்; அந்தச் சிறு தொலைவைக் கைத்துப்பாக்கி எட்டு ஆண்டுகளில் கடந்து, தானியங்கித் துப்பாக்கியாகி, பிணக்குவியலில் போய் நின்றது.

1991 மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி வெடிகுண்டுக்கு இரையானதும், 1992-இல் புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்டதும், சென்னையிலிருந்து போர் ஆயுதங்கள் மறைந்ததும் யாவரும் அறிந்தவை. இந்தப் பத்தாண்டில் ஜனங்களின் சுபாவம் மாறிவிட்டுப் பின் பழையபடி திரும்பியது என்று எவரும் சொல்லத் துணியார். துப்பாக்கி வந்தது, மரணம் வந்தது. துப்பாக்கி போயிற்று, மரணமும் குறைந்தது. இக்கட்டுரையின் துணிபுக்கு இதைவிடத் தெளிவான சரித்திரச் சான்று வேண்டியதில்லை.

அண்மைக் காலம்

2011 ஜூலை 3-ஆம் தேதி, தீவுத்திடல் அருகே இராணுவக் குடியிருப்பின் வளாகத்துக்குள் வாதுமைக் கொட்டை பொறுக்கப் போன 13 வயதுச் சிறுவன் ஒருவன், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் மேலிருந்து சுட்டதில் இறந்தான். கூவம் நதியில் எறியப்பட்ட துப்பாக்கி தேடி எடுக்கப்பட்டது. மறு ஆண்டில் அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மரத்தில் ஏறும் பையனை அதட்டி விரட்டாத வீடு சென்னையில் இல்லை. அந்த அதட்டல் ஒரு வீட்டில் மட்டும் மரணமாக முடிந்ததென்றால், அந்த வீட்டில் துப்பாக்கி இருந்தது என்பதைத் தவிர வேறு விசேஷக் காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

2012 பிப்ரவரி 23-ஆம் தேதி அதிகாலையில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரி வீடு ஒன்றில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரசாங்கத்தின் துப்பாக்கியால் நேரும் மரணமும் மரணமே. சுகாதாரக் கணக்கில் அதற்கு விலக்கு இருத்தலாகாது. இத்தகைய மரணம் ஒவ்வொன்றும் சுயேச்சையாக விசாரிக்கப்பட வேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் இந்த நியாயத்தையே சட்டமொழியில் கூறுகின்றன.

சுகாதார சாஸ்திரத்தின் பாடம்

வன்முறை ஒரு பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதார சபை 1996-இல் பிரகடனம் செய்தது. அதே ஆண்டில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்தைக் கண்ட ஆஸ்திரேலியா, ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை ஜனங்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கி அழித்தது. அமெரிக்காவிலோ, அதே 1996-இல், துப்பாக்கி மரணங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் கிடைப்பதையே சட்டமன்றத்தார் முடக்கினர். 2021-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2024 ஜூனில் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார்.

கைக்கு எட்டும் கருவியே மரணத்தைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்கர் துப்பாக்கியில் காணும் உண்மையை, நாம் வேறொரு பொருளில் முன்பே கண்டறிந்திருக்கிறோம். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு ஸ்தாபனம் அடையாற்றின் வடகரையில், ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது. நம் கிராமங்களில் மனமுடைந்தவரின் கைக்கு எட்டுவது பூச்சிமருந்து. அதை வீடுகளில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் ஓர் இடத்தில் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டிவைத்தால் உயிர்கள் மிஞ்சுமா என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் சோதித்து, மிஞ்சும் என்று கண்டு, 2013-இல் வெளியிட்டனர். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பின் பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மரணத்தை நாடும் மனம் பல சமயம் சிறிது நேரமே நிலைக்கிறது. அந்தச் சிறிது நேரத்தில் கருவி எட்டாதிருந்தால், மறுநாள் அந்த மனிதர் உயிரோடு எழுந்திருக்கிறார். கொல்லத் துடிக்கும் மனத்துக்கும் இந்த விதி பொருந்தும்.

முடிவுரை

மேற்கண்ட ஆராய்ச்சியால் துணியத்தக்கது ஒன்று: சென்னையில் துப்பாக்கி மரணம் குறைவாக இருப்பது நம் இரத்தத்தில் ஊறிய சாந்தத்தின் விளைவு அன்று, சட்டத்தாலும், சில கசப்பான அனுபவங்களுக்குப் பிறகு எடுத்த நடவடிக்கைகளாலும் சம்பாதித்த சொத்து அது. சம்பாதித்ததை இழக்கவும் கூடும். 2016-ஆம் ஆண்டு விதிகள் விண்ணப்பதாரரின் மருத்துவச் சான்றிதழைக் கேட்பதும், 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் நல்ல காரியங்கள். தேர்தல்தோறும் லைசென்ஸ்தாரர்கள் தங்கள் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு யாதொரு குறையுமின்றி வாழ்கிறார்கள். தேர்தல் இல்லாத நாட்களிலும் அவை அங்கேயே இருந்தால் எவருக்கு என்ன நஷ்டம்?

அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: துப்பாக்கியால் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் காயத்தையும், சுட்டது தனிமனிதரானாலும் போலீசாரானாலும், குற்றப் பதிவேட்டோடு நிறுத்தாமல் சுகாதாரப் பதிவேட்டிலும் ஏற்றி, ஆண்டுதோறும் ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும். வாசகருக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று பெட்டியில் கிடக்குமானால், அதைக் குடும்பப் பெருமை என்று எண்ணி வைத்திருக்க வேண்டாம், முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். 2011-இல் வாதுமைக் கொட்டை பொறுக்கப் போன அந்தச் சிறுவன் இன்று உயிரோடு இருந்தால் முப்பது வயதை நெருங்கும் இளைஞனாக இருப்பான்.