நாம் பிழை போட்ட பூ

 

சில வருடங்களுக்கு முன் தரம் 6 பிள்ளைகளிடம் நமது தேசிய மலரை வரைந்து நிறம் தீட்டச் சொன்னோம். ஒரு மகள் வெளிறிய நீலத்தில், இதழ் குறைவாக ஒரு பூவை வரைந்திருந்தாள். சுவரில் தொங்கிய படத்தில் இருந்ததோ அடர்ந்த ஊதாப் பூ. நாம் சிவப்புப் பேனையால் பிழை போட்டோம். "சேர், எங்கட வயல் பக்கத்துக் குளத்தில இப்படித்தான் பூக்குது" என்றாள். "படத்தைப் பார்த்து வரை மகள்" என்று சொல்லிவிட்டோம்.

பிழை அவளுடையதல்ல என்பதைப் பிறகுதான் படித்தறிந்தோம். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறோம்.

நீலோற்பலம் என்றும் சிங்களத்தில் நில் மானெல் என்றும் சொல்லப்படும் இந்த நீல அல்லி 1986 பெப்ரவரியில் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆனால் அது ஏட்டில் ஏறிய வரலாறு அதைவிடப் பழையது. மலபாரில் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் 11ஆம் பாகம் 1692 இல் வெளிவந்தது. அதில் இந்தப் பூவுக்குக் கொடுக்கப்பட்ட பெயர் 'சித்தாம்பல்'. சிற்றாம்பல் என்று வாசித்துப் பாருங்கள், நமது சொல்தான். 1768 இல் பர்மன் என்ற ஒல்லாந்தத் தாவரவியலாளர் 'நிம்பேயா நூச்சாலி' என்ற விஞ்ஞானப் பெயரை இட்டார். அந்தப் பெயர்தான் இன்றும் நிலைத்திருக்கிறது.

அப்படியானால் ஊதாப் பூ எங்கிருந்து வந்தது? அழகுக்காகத் தடாகங்களில் வளர்க்கப்பட்ட வெளிநாட்டு அல்லி அது. ஆபிரிக்க அல்லி இனங்களின் கலப்பில் உண்டானது. பூ பெரிது, நிறம் அடர்த்தி, இதழும் அதிகம். பார்ப்பவர் கண்ணை இழுத்துக்கொள்ளும். தடாகத்தை விட்டு வெளியேறிக் குளங்களுக்கும் வந்தது, பாடப் புத்தகத்துக்கும் சுவரொட்டிக்கும் வந்தது. 2011 இல் தீப்தி யக்கந்தாவல, கபில யக்கந்தாவல ஆகிய ஆய்வாளர்கள், அந்நியத் தாவரங்களின் கலப்பு நமது சுதேச இனங்களுக்கு ஆபத்து என்று எழுதினார்கள். தேசிய மலர் என்று காட்டப்பட்டுவந்த பூ உண்மையான தேசிய மலரல்ல என்பது அவர்களது ஆய்வினால் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் சுற்றாடல் அமைச்சும் படத்தைத் திருத்தியது.

நமது அல்லியின் வாழ்க்கை முறையையும் கொஞ்சம் பாருங்கள். வெள்ளையும் சிவப்புமான மற்ற அல்லி இரவில் விரியும்; நீல அல்லி காலையில் விரிந்து பின்னேரம் கூம்பும். முதல் நாள் பூவின் நடுவில் ஒரு துளி நீர்மம் தேங்கி நிற்கும். வேறொரு பூவில் இருந்து வரும் தேனீ அதில் விழ, அதன் உடம்பில் ஒட்டிய மகரந்தம் கழுவப்பட்டுச் சூலுக்குச் சேரும். அடுத்த நாட்களில்தான் இந்தப் பூ தனது மகரந்தத்தை வெளிவிடும். கருக்கட்டிய பின் தண்டு சுருண்டு காயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் அங்கேயே முற்றும். வெளிவரும் விதைகள் சிறிது தூரம் மிதந்து, பிறகு சேற்றில் தாழும். சுப்ஹானல்லாஹ், எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

இந்த ஏற்பாடு முழுவதும் தண்ணீரை நம்பியிருக்கிறது. ருவாண்டாவில் ஒரேயொரு வெந்நீர் ஊற்றின் ஓரச் சேற்றில் வளர்ந்த உலகின் மிகச் சிறிய அல்லி 1987 இல் கண்டறியப்பட்டது. இலை ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஊற்று நீரை மனிதர்கள் வேறு தேவைக்குத் திருப்பியதால் 2008 அளவில் அந்த இடத்தில் அது அழிந்துபோனது. லண்டன் கியூ பூங்காவில் கார்லோஸ் மக்டலேனா என்பவர் விதையிலிருந்து வளர்த்து அந்த இனத்தைக் காப்பாற்றினார்.

கிட்டங்கிப் பக்கம் போனால் தண்ணீரை மூடிக் கிடக்கும் ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஆற்றுவாழையும் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். அதை ஒழிக்க 1909 இலேயே சட்டம் போட வேண்டி வந்தது. சல்வீனியா 1939 இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. அழகென்றும் படிப்பென்றும் வந்தவை குளத்தை மூடிவிட்டால், வெளிச்சமில்லாமல் நமது அல்லி எப்படி முளைக்கும்?

ஆகவே உறவுகளே, குளக்கரையில் குப்பை கொட்டாதிருப்போம். வீட்டுத் தொட்டியில் வளர்த்த அந்நிய அல்லியை வாய்க்காலில் வீசாதிருப்போம். வெளிறிய நீலத்தில் ஒரு பூவைக் கண்டால் பிடுங்காமல் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.

அந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். அண்மையில் அவளது வாப்பாவைக் கண்டபோது, "அன்று உங்கள் மகள் வரைந்ததுதான் சரி, பிழை எங்களுடையது என்று சொல்லுங்கள்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "அவ அந்தக் கொப்பிய இன்னும் வெச்சிருக்கா சேர்" என்றார். அந்தக் கொப்பியில் ஒரு சரி போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.