கூலியும் துண்டும்

தமிழிலே 'கூலி' என்பது செய்த வேலைக்குரிய ஊதியம், செய்தவனின் பெயரன்று. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலோ, ஆங்கிலத் துரைமாரின் வழக்கில் அச்சொல் ஆளையே குறித்தது. (ஆங்கிலச் சொல்லின் மூலத்தைக் குஜராத்தின் கோலி என்ற இனப்பெயரிற் காண்போரும் உளர்.) 1915இல் வெல்ஸ் என்பார் துரைமாருக்கென எழுதிய மொழிக் கைந்நூலின் பெயரே 'கூலித் தமிழ்'. ஆளுக்கு இட்ட பெயர் அவன் தாய்மொழிக்கும் ஆயிற்று!

இதனினும் கொடியது 'துண்டு'. ஊரிலே துண்டென்றால் தோளில் இடுவது, அல்லது பெரியதொன்றினின்று பிரிந்தது. தோட்டத்திலோ, கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிக்க இசைவதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. விடுதலைச் சீட்டென்றே கேட்போர்க்குத் தோன்றும். ஆனால் கங்காணி அதனைக் கொண்டு வேறு தோட்டத்துக்குச் சென்றால், அங்குள்ள துரை பழைய கடனைத் தீர்ப்பார். அத்தொகை புதுக் கடனாகத் தொழிலாளர் தலையில் ஏறும். பெயர்தான் துண்டு, பிணைப்போ அறுவதில்லை. கடன் மேன்மேலும் பெருகக் காரணமான இம்முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

'கூலி' என்ற பெயர் அத்துடன் ஒழியவில்லை. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் அமைத்த சங்கமோ வேறு சொல்லைத் தாங்கி நின்றது: அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம்.